அடுத்த ஊர் எது, சாமி?

காய்ச்சல் அடுத்து எந்த ஊருக்குப் போகும் என்பது கடவுளுக்கே தெரியாமல் இருக்கலாம், பெட்டிச்சாமிக்குத் தெரியும். ஏழு ஊர் ஜனமும் அப்படித்தான் நம்பியது. துறைமுகத்தில் காய்ச்சல் வந்த மறுநாள் சாமி பூட்டிய பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். 'துறைமுகம்' என்று எழுதியிருந்தது.

"போன மாசமே எழுதி வெச்சுட்டேன்!"

போன மாதமே ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமாம்!

அப்புறமென்ன, சாமி உட்கார்ந்திருந்த சந்தை மண்டபத்தில் கால்வைக்க இடமில்லை. ஏழு ஊர்க்காரர்களும் பஸ் பிடித்து வந்து, முண்டியடித்து, நோய் அண்டாமலிருக்க சாமி மந்திரித்த காப்புத் தண்ணீரை ஒரே டம்ளரில் குடித்து, காசைக் கொடுத்து இருமலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சுகாதார அலுவலகத்தில் நோய் பரவும் வழியைக் கணக்கிடுபவளை எல்லோரும் கணக்குக்காரி என்பார்கள். அவள் மேஜைக்கு மேலே ஒரு வரைபடம். ஊருக்கு ஊர் கோடு. பஸ்ஸில் எத்தனை பேர் போய்வருகிறார்களோ, கோடு அவ்வளவு தடிமன். தடித்த கோட்டில்தான் காய்ச்சலும் முந்திக்கொண்டு ஓடும். ஆனால் இந்த வாரம் கணக்கு உதைத்தது. ஒரு நாளைக்கு இரண்டே பஸ் போகும் கல்குவாரியில் திடீரென்று இருபது பேர் படுத்துவிட்டார்கள். விசாரித்தாள். இருபது பேரும் மண்டபத்துக்குப் போய்வந்தவர்கள்! மண்டபத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன். "குட்டிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. சாமிகிட்டத் தூக்கிட்டு வந்திருக்கேன்."

"ஐயோ அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"உன் கோடெல்லாம் காகிதத்துலதான். சாமி கண்ணெதிர சொல்றாரு."

கணக்குக்காரி செருப்பு பிய்யப் பிய்ய மண்டபத்துக்கு ஓடினாள். கூட்டத்தைப் பிளந்து முன்னால் போய் நின்றாள்.

"சாமி, ஏழு ஊரையும் தாண்டி உப்பளத்துக்கும் காய்ச்சல் வந்துடுச்சாமே!"

சாமி அசரவில்லை. கண்ணை மூடினார், பெட்டிக்குள் கைவிட்டார், எடுத்தார் சீட்டை. 'உப்பளம்'! கூட்டம் வாயைப் பிளந்தது.

"இதையும் போன மாசமே எழுதிட்டேன் தாயி."

"அங்கே ஒருத்தருக்குத் தும்மல்கூட இல்லையே சாமி. நான் சும்மா சொன்னேன்."

"ஆமாங்க!" என்றார் பின்னாலிருந்த பஸ் கண்டக்டர். "காலையிலதான் அங்கேருந்து வர்றேன். ஒரு ஆள்கூடப் படுக்கலையே!"

சாமியின் கை பெட்டி மூடியைத் தேடியது. அண்ணி முந்திக்கொண்டாள். இடுப்பில் குழந்தையோடு ஒற்றைக் கையால் பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளே குட்டிக் குட்டி அறைகள். காய்ச்சல் எட்டிப்பார்க்காத ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு தயாராக இருந்தது!

"அடப்பாவி!" என்றாள் அண்ணி. பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமலேயே, "ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம்? வா" என்றாள்.

குழந்தை பத்து நாளில் எழுந்து ஓடியது. பெட்டிச்சாமியைப் பிடித்துப்போன போலீஸ்காரரும் அவரை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவந்தார். ஏழு ஊர்க் காய்ச்சலும் அவர் நெஞ்சில் இருமியது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டா சரியாயிடுமா ஐயா?" என்று கெஞ்சினாராம்.

தனக்கென்று வரும்போது சாமிக்கே புத்தி வேலை செய்கிறது. நம் புத்திக்கு மட்டும் ஏனய்யா லீவு கொடுத்து வைத்திருக்கிறோம்?