ஏறாத ஏழுக்கும் தரவரிசை

முதல் இரண்டு இடங்கள் முடிவாகிவிட்டன. மூன்றாவது இடத்தை எந்த ரோலர் கோஸ்டருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து தராசு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பா, மரத்துல செஞ்சதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"எதுல ஏறும்போது ரொம்ப பயமா இருந்துச்சோ அதைப் போடுங்க. இதுக்குப் போயி ரெண்டு மணி நேரமா?" என்றாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்தபடி.

அங்கேதான் இடித்தது. ஏழு ரோலர் கோஸ்டரில் ஒன்றில்கூடத் தராசு ஏறவில்லை.

தராசு என்பது பட்டப்பெயர். இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் பரிசோதகர். பஸ், தியேட்டர், ஆஸ்பத்திரி வரவேற்பறை என்று மனிதன் உட்காரும் இடத்துக்கெல்லாம் அங்கிருந்துதான் சரக்குப் போகும். தயாரான இருக்கையில் உட்கார்ந்து பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் அவர் வேலை. மற்ற ஆபீஸ்களில் உட்கார்ந்தே இருக்கிறான் என்று திட்டுவார்கள். இவர் எழுந்து நின்றால் திட்டுவார்கள். உட்கார்ந்த மாத்திரத்தில், "இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கு" என்பார். கருவி வைத்து அளந்தால் சரியாக இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் இந்தச் சோதனை. மாசக் கடைசியில் பரிசோதனைப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான் போட்டி. பத்தொன்பது வருஷம் சர்வீஸ் போட்ட தராசு ஒருவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த கீச்சு இன்னொருவன். எந்த நாற்காலி எப்போது கிரீச்சிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் தலைவராகிவிட்டால், ஒருநாள் லீவுக்குக்கூட அவன் எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தாலே தராசுக்கு வயிறு எரிந்தது.

இந்த நேரம் பார்த்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டு வெளிநாட்டு டிக்கெட்டை நீட்டினார்.

"ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. அங்க ஏழு ரோலர் கோஸ்டர் இருக்கு. ஏழு இடத்துக்கும் போங்க. நிதானமா உட்காருங்க. வந்து, எது முதல், எது கடைசின்னு எழுதிக் குடுங்க. தலைவர் பதவிக்கு இந்த ரிப்போர்ட்தான் பரீட்சை."

"எதுக்கு சார்னு கேக்கலாமா?"

"கேக்கக் கூடாது. நம்ம வழக்கம் தெரியாதா?"

தெரியும். எந்த இருக்கை எங்கே போகிறது என்று பரிசோதகரிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் மனசு முந்திக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுவிடும், உடம்பு உண்மையைச் சொல்லாது என்பது மேனேஜரின் சித்தாந்தம். ஆஸ்பத்திரி நாற்காலியைத் தியேட்டர் நாற்காலி என்று நினைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர் தராசு.

பூங்காவுக்குப் போனார். முதலாவது, நீல நிறத்தது. நிமிர்ந்து பார்த்தார். வானத்தில் வரிசையாக மனிதக் கால்கள் தொங்கின. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அலறினார்கள். தராசுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. கொஞ்சம் தைரியம் வரட்டும் என்று எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று, தைரியம் வரவில்லை. அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தார். அங்கேயும் ஒரு பெஞ்ச் இருந்தது. இப்படியே ஏழு பெஞ்சும் முடிந்து, சாயங்காலம் பூங்காவை மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது மனைவியிடம் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "ஏறவே இல்லையா? நீங்க மூணு தடவை தலைகீழா தொங்கினீங்கன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேனே!"

"யாரு சொல்லச் சொன்னது?"

"நீங்கதானே போன்ல, 'தலை சுத்துது, முதுகு விட்டுப்போச்சு'ன்னு சொன்னீங்க! ஏறித்தான் இப்படி ஆச்சுன்னு நினைச்சேன்."

"முதுகு போனது நிஜம்தான். நாலாவது பெஞ்சுல ஒரு போல்ட்டு தொடையில குத்திக்கிட்டே இருந்துச்சு. ஆறாவது பெஞ்சு முன்பக்கமா சரிஞ்சு, ஆளை மெதுவா கீழ தள்ளி விட்டுடுது. அதுல ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாரு, தெரியும்."

"பெஞ்சு கதை யாருக்கு வேணும்? ரிப்போர்ட்டுக்கு வழியைப் பாருங்க."

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். ரோலர் கோஸ்டரில் என்ன இருக்கிறது? ஆட்டம், குலுக்கல், சத்தம். மூன்றும் வீட்டில் இருக்கும் துவைக்கும் மிஷினிலேயே இருக்கின்றன. தராசை அதன் மேல் ஏற்றி உட்காரவைத்து, பிழியும் பட்டனை அழுத்தினாள். பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள, அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். முதலிடம் நீலம், இரண்டாவது கருப்பு, மூன்றாவது சிவப்பு என்று இறங்குவதற்குள் ஏழு இடமும் நிரம்பிவிட்டன.

திங்கட்கிழமை மேனேஜர் அறிக்கையைப் படித்தார். கீச்சுவும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தான்.

"'சிவப்பு ரோலர் கோஸ்டர். முதலில் மெதுவான ஆட்டம், பிறகு கடுமையான குலுக்கல், இறுதியில் தண்ணீர் வெளியேறும் உணர்வு.'" மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "தண்ணி வெளியேறுற உணர்வா?"

"கண்ணுலேருந்து சார். அவ்வளவு வேகம்."

"முதல் வளைவுல கழுத்து எந்தப் பக்கம் சாய்ஞ்சுது சார்?" என்று கேட்டான் கீச்சு.

"இடது பக்கம்."

"நான் பார்த்த பூங்கா வீடியோவுல எல்லாருக்கும் வலது பக்கம்ல சாயுது?"

தராசுக்கு நெற்றியில் வேர்த்தது. "ரெண்டாவது தடவை பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்."

"ரெண்டு தடவை போனீங்களா?"

"மூணு தடவை. ஏழுலயும் மும்மூணு தடவை." வாயிலிருந்து வந்துவிட்டது. இனிமேல் என்ன செய்ய முடியும்?

மேனேஜர் அதிசயப்படுவார் என்று எதிர்பார்த்தார். மேனேஜரோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இருபத்தோரு தடவையா? அப்போ கீழ இருக்கவே நேரம் இருந்திருக்காதே. நடுவுல எங்கயாவது பெஞ்சுல உட்கார்ந்தீங்களா?"

தராசுக்குச் சுருக்கென்றது. எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான்! ஓரக்கண்ணால் கீச்சுவைப் பார்த்தார். அவன் எதுவும் தெரியாதவன்போலக் கூரையைப் பார்த்தான்.

"பெஞ்சா? நானா? ஒரு நிமிஷம்கூட இல்ல சார்!"

"கொஞ்ச நேரம்கூடவா? ஒரு அஞ்சு நிமிஷம்?"

"இல்லவே இல்ல."

"மத்தியானம் சாப்பிட்டிருப்பீங்களே, அப்போ?"

"நின்னுக்கிட்டே சாப்பிட்டேன் சார். நடந்துக்கிட்டே சாப்பிட்டேன்னே வச்சுக்கோங்க."

மேனேஜரின் முகம் இன்னும் வாடிப்போயிற்று. நம்பவில்லை என்று தராசுக்குப் பட்டது. பத்தொன்பது வருஷ உழைப்பு ஒரு பெஞ்சில் போய் முடியப்போகிறதா? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினார்.

"பெஞ்சு பெஞ்சுன்னு அதையே பிடிச்சுக்கிட்டு தொங்குறாரு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா கீச்சு முன்னாடி நான் நிக்கணும். உன் தங்கச்சி முன்னாடி நீ நிக்கணும்."

மனைவி யோசித்தாள். தங்கச்சி என்றதும் அவள் யோசனை வேகமாக வேலை செய்தது. "அப்போ எழுதிக் குடுத்துடுங்க. எழுத்துல இருந்தா யாரும் மறுபேச்சு பேச முடியாது."

செவ்வாய்க்கிழமை காலை தராசு ஒரு தாளை மேனேஜர் மேஜையில் வைத்தார். 'மேற்படி பூங்காவில் இருந்த நாள் முழுவதும் நான் எந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லை, சாயவில்லை, பெஞ்சு எந்த நிறம் என்றுகூடக் கவனிக்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "நிஜமாத்தானா? நிறம்கூடத் தெரியாதா?"

"எனக்கு எதுக்கு சார் அது?"

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. என்கிட்ட மறைக்க வேண்டாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

எப்படி வலை விரிக்கிறார் பார், என்று நினைத்தார் தராசு. அசைந்துகொடுக்கவில்லை. "அந்த ரோலர் கோஸ்டரை விட்டு இறங்கவே மனசு வரல சார். இறக்கித்தான் விட்டாங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "நாளைக்குப் பூங்காவுலேருந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்களே கேட்டுக்கட்டும்."

அன்று வீடு திரும்பியவர் துவைக்கும் மிஷினில் இன்னும் இரண்டு சுற்று உட்கார்ந்து பயிற்சி எடுத்தார். மிஷின் கதவு கழன்றதுதான் மிச்சம்.

புதன்கிழமை அந்த அம்மாள் வந்தார். பூங்காவுக்குச் சாமான்கள் வாங்கும் அதிகாரி. இருபது வருஷமாக அங்கேயே இருப்பவர் என்றாலும் நம் பேச்சை மறக்கவில்லை. அறிக்கையைப் புரட்டினார். பிறகு அந்தக் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துப் படித்தார்.

"ஒரு பெஞ்சுலகூட உட்காரலையா?"

மறுபடியும் பெஞ்சு! தராசுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, பெஞ்சுல உட்கார்றவன் எல்லாம் கோழை. நான் அந்த ரகம் இல்ல. வேணும்னா இப்பவே ஒரு ரோலர் கோஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்துங்க, நாலாவது தடவையும் ஏறிக் காட்டுறேன்."

அந்த அம்மாள் கோப்பை மூடி மேனேஜர் பக்கம் தள்ளினார். "இதை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? வேற ஒருத்தரை அனுப்புங்க."

மேனேஜர் கீச்சுவைப் பார்த்தார். "அடுத்த வாரம் நீ கிளம்பு."

கீச்சுவின் முகம் வெளுத்தது. "சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாம் சார். வீடியோவுல பார்த்ததுக்கே ரெண்டு நாள் தூங்கல."

தராசுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒழிந்தான் பயல்!

"தூங்கலையா?" மேனேஜர் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எழுந்து போய்க் கீச்சுவின் தோளைத் தட்டினார். "நீ போயிட்டு வா. வந்ததும் தலைவர் நாற்காலியில உட்கார்ந்துக்கோ."

தராசு விருட்டென்று எழுந்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "இது அநியாயம் சார்! ஏழுலயும் மும்மூணு தடவை ஏறி இறங்கின என்னை விட்டுட்டு, வீடியோ பார்த்தே நடுங்குற பயலுக்கா தலைவர் பதவி?"

அந்த அம்மாள்தான் பாவம் பார்த்து வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாங்க மாத்தப்போறது ரோலர் கோஸ்டர் சீட்டை இல்ல. ஏற பயந்துக்கிட்டு நாள் முழுக்கக் கீழயே உட்கார்ந்திருக்கிறவங்களோட பெஞ்சைத்தான். அதனாலதான் நல்ல பயந்தாங்கொள்ளியா ஒருத்தரை அனுப்புங்கன்னு கேட்டோம். ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தவே நடுங்குற ஆளு ஒருத்தர் பத்தொன்பது வருஷமா எங்ககிட்ட இருக்கார்னு உங்க மேனேஜர் அடிச்சுச் சொல்லித்தானே உங்களை அனுப்பினார்!"