பிரண்டைக் கஞ்சியும் கடுகண்ணாவை ஏற்றமும்

"ஏங்க, எந்திரிங்க! கோச் வாற நேரம்!"

"முழங்கால் பூட்டிக்கிச்சு கமலம். எந்திரிக்க முடியல."

அடுப்பு ஊதக் குந்திய செல்லப்பா, குந்தியபடியே இருந்தார். 

கண்டி வாவிக்கு இறங்கும் சரிவில் அவர்களுடைய கஞ்சிக்கடை. "மூட்டுக்கு உறுதி! ஓடி அலுத்த உடம்புக்குத் தெம்பு! பிரண்டைக் கஞ்சி" என்று பலகை வேறு. அந்தப் பலகைக்கு நேர் கீழே, கடைக்காரரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினால்?

அதுவும் இன்றைக்கா! ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவை மலைவீதி ஏற்றத்தில் ஓட்டப்போட்டி. வழியில் ஒரேயொரு கடைக்குத்தான் இடம். கமலத்தின் கஞ்சியா, எதிர்ப்பக்கத்து வடிவம்மாவின் எள்ளுருண்டையா? ஓட்டக் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்கும் கோச் அஸீம் இன்று காலை முடிவு சொல்லப்போகிறார்.

"தெனமும் ஒரு கோப்பை குடிங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

"தொண்டை அரிக்குதுடி."

"அரிச்சாத்தான் மருந்து வேலை செய்யுது!"

பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்தால் அரிப்பு அடங்கும். கமலத்துக்கும் அது தெரியும். வதக்கினால் சக்தி போய்விடும் என்பது அவள் கட்சி. பச்சையாகவே அரைத்துக் கலக்கிவிடுவாள்.

மிச்சமிருந்த விழுதை அள்ளிக் கணவரின் முழங்காலில் அப்பி, துணியால் இறுக்கிக் கட்டினாள். அவ்வளவுதான்! "ஐயோ!" என்று செல்லப்பா துள்ளி எழுந்தார். மடங்கிப் பூட்டியிருந்த கால், இப்போது நீட்டியபடி பூட்டிக்கொண்டது. கூடவே அரிப்பு. நின்ற இடத்திலேயே நெளிந்தார், குலுங்கினார்.

அந்த நேரம் பார்த்து அஸீம் வந்து நின்றார், கழுத்தில் விசிலும் கையில் ஓட்டக் கடிகாரமுமாக.

"அக்கா, எனக்கு ஒரு விஷயம் விளங்குதே இல்ல. எங்கட ஆக்கள் மத்த எடத்துல சும்மா சாதாரணமாத்தான் ஓடுற. இந்த வாவி ஏத்தத்துல, உங்கட கடையக் கண்ட ஒடன, குதிர மாதிரிப் பாயிறாங்க!"

கமலத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "கஞ்சியோட சக்தி தம்பி!"

"சரி, அண்ணனுக்கு என்ன? ஆடிக்கிட்டே நிக்கிறாரு?"

"தெம்பு தம்பி, தெம்பு! ஒரு எடத்துல நிக்கவே மாட்டார்."

"அப்ப நல்லம்! எங்கட ஆக்களோட ஒருக்கா ஓடிக் காட்டச் செல்லுங்க."

எதிர்ப்பக்கத்திலிருந்து வடிவம்மாவின் குரல் வந்தது: "ஓடுவாரு, ஓடுவாரு! தூக்கிட்டு வர நாலு பேரக் கூப்பிடவா?"

கமலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓட்டமெல்லாம் அவருக்குச் சும்மா. சைக்கிள் விடுறதப் பாருங்க தம்பி!" என்று சொல்லிக்கொண்டே, கணவரை ஒரு தூக்குத் தூக்கிக் கடை வாசலில் சாய்த்திருந்த சைக்கிளில் உட்கார்த்தினாள்.

"கமலம், பிரேக்..."

"மெதுவாப் பேசுங்க! கோச் பாக்குறாரு!"

"பிரேக்கே இல்லடி!"

சைக்கிள் கிளம்பிவிட்டது!

ஒரு கால் துப்பாக்கிபோல முன்னால் நீட்டியிருக்க, செல்லப்பா சரிவில் அம்பாய்ப் பாய்ந்தார். கீழே கழகத்து ஓட்டக்காரர்கள் கூட்டமாக நின்று கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். கழகத்தின் நட்சத்திரம், நாவலப்பிட்டி இராஜகுமாரி, முன்னால் நின்றாள்.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தியபடி, கஞ்சி ஊற்றும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கமலம் பின்னாலேயே ஓடினாள்.

ஓட்டக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுகணம் ஒருவரும் அங்கே இல்லை! வாவிக்கரை வீதியில் புயலாய்ப் பறந்தார்கள். பின்னால் சைக்கிள். அதன் பின்னால் கரண்டி. எல்லோருக்கும் பின்னால், கடிகாரத்தை அமுக்கிக்கொண்டு அஸீம்!

கரையோர மணற்குவியலில் சைக்கிள் மோதியது. செல்லப்பா பறந்துபோய் மணலில் விழுந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கால் மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது.

"கமலம்! பூட்டு விட்டிரிச்சு!" மணலிலேயே ஒரு குதி குதித்தார்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அஸீம் கடிகாரத்தையே வெறித்துப் பார்த்தார்.

"இந்த வேகத்துல எங்கட ஆக்கள் ஒருநாளும் ஓடினதில்ல! அண்ணன் வாறதப் பாத்தே ஆவேசம் வந்திருக்கும். முடிஞ்சிது அக்கா! கடுகண்ணாவை ஏத்தம் உங்களுக்குத்தான்!"

கமலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மேலே வடிவம்மா எள்ளுருண்டைத் தட்டை மூடுவது தெரிந்தது. ஆகா!

"தம்பி, எத்தன பானை காய்ச்சிக் கொண்டு வரட்டும்?"

திரும்பி வந்திருந்த இராஜகுமாரி, அஸீமின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"பானையெல்லாம் வேணாங்கக்கா, நீங்க அந்தக் கரண்டியோட வந்து நின்னாலே போதும், சிக்குனா கஞ்சிய வாயில ஊத்திருவீங்களோன்னு பயந்துதானே இத்தன நாளும் நாங்க உங்க கடை ஏத்தத்துல பறக்குறோம்!"