லிஃப்ட் அண்ணனின் குரல்

பெங்களூரு முழுக்கத் தேடினாலும், சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் பரீட்சை வைக்கிற மனிதர் லிஃப்ட் அண்ணன் ஒருவர்தான் இருப்பார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மர்பி டவுனில் ஒன்றரை அறை வீடு. ஞாயிறு சாயங்காலம் நாங்கள் மூணு பேர் போவோம். ராகிக் களியும் கோழிக் குழம்பும் தயாராக இருக்கும். ஆனால் ஆளுக்கொரு வித்தை காட்டாமல் தட்டு வராது.

தண்ணீர் கேன் போடுகிற முருகன் தலையில் ஆறு தம்ளர் அடுக்கி நடப்பான். ஆட்டோ ஓட்டும் கரீம் பாய் மூக்கால் விசில் அடித்தே சினிமாப் பாட்டு வாசிப்பார். பாதிப் பாட்டில் ஜலதோஷம் குறுக்கிடும். அண்ணன் மார்க் போடுவது மாடிக் கணக்கில். "மூணாவது மாடி வரைக்கும் போன முருகா, அப்பறம் கரண்ட் பூட்ச்சு" என்பார். பிறகு அடுப்படியில் இருக்கும் அண்ணி பக்கம் திரும்பி, "சரோ, எடுத்துனு வா" என்று ஒரு சத்தம். மேல்வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும்.

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவன். நாலு பேர் பார்த்தால் எனக்குத் தும்மல்கூட வராது. வித்தைக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். வித்தை இல்லாமலில்லை. கடையில் தனியாக இருக்கும்போது அண்ணன் மாதிரியே பேசுவேன். அதை அவர் முன்னாலேயே எப்படிச் செய்வது?

போன வருஷம் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. உயிரைக் காப்பாற்றக் குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, முருகன் தம்ளர் அடுக்கினான். ஒன்றுகூட விழவில்லை. அண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்து, மூடினார். பிறகு சிலேட்டில் எழுதினார்: "இனிமே வித்தை வேணாம். சும்னே வந்து சாப்ட்டுப் போங்க." யாரும் தலை நிமிரவில்லை.

எனக்கு என்ன ஆயிற்றோ. அண்ணன் குரலில், "இன்னா முருகா, மொட்டை மாடிக்கே பூட்ட. சரோ, எடுத்துனு வா" என்று சொல்லிவிட்டேன்.

"வர்றேன், வர்றேன். கத்தாதய்யா" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. உடனே கரண்டி விழும் சத்தம். அண்ணி வாசலில் வந்து நின்றார். யார் பேசியது என்று கேட்கவில்லை. புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்தேன் என்று நினைத்தேன். அண்ணன் சிலேட்டைத் துடைத்து, மெதுவாக எழுதி என்னிடம் நீட்டினார்: "இத்த வெச்சுக்கினா இத்தினி நாளா பாத்திரம் கழுவுன?"

அன்றிலிருந்து அவர் பக்கத்தில்தான் என் இடம். அவர் உதட்டை அசைப்பார், நான் பேசுவேன். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவார். ஆரம்பத்தில் கன்றிப்போகும்படி கிள்ளினார். நோய் திரும்பி வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன். போன ஞாயிறு, அவர் கை என் தொடையில் இருப்பதைப் பார்த்துத்தான், கிள்ளுகிறார் என்றே தெரிந்துகொண்டேன்.

"வலிக்குதுண்ணா" என்றேன்.