தேவசகாயம் தேவசகாயத்திடம் சமையல் படித்தது

உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம், தென்னாற்காடு ஜில்லா ஜனங்களுக்குத் தொழில் தெரியவில்லை என்று சர்க்கார் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தபின் சும்மா இருக்குமா? கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, 'தொழில், சமையல், வியாபாரக் கலாசாலை' என்று பலகை மாட்டியது. லேத்துக்கு ஓர் அறை, அடுப்புக்கு ஓர் அறை, பேரேட்டுக்கு ஓர் அறை. பிரின்சிபாலாகச் சிதம்பரத்து ராஜசபேசன் வந்தார். உப்பு இலாகாவில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். சமையலுக்கு உப்பு வேண்டுமே என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்க வேண்டும்.

சமையல் உபாத்தியாயர் வேலைக்குத் தேவசகாயத்தை எடுத்தார்கள். பெங்களூரிலும் பஸ்ராவிலும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பதினெட்டு வருஷம் சமைத்துப் போட்டவர்.

"இனிமே யாருக்கும் கை கட்டிக்கிட்டு நின்னு பரிமாற வேணாம் தைலம்மா. வாத்தியாரா ஆயிட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கலாசாலை வாசலில் முப்பது பேர் விண்ணப்பத்தோடு நின்றிருந்தார்கள். தேவசகாயத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளே போனதும் பிரின்சிபால் கூப்பிட்டார்.

"ஓய் தேவசகாயம், ஒரு சின்னச் சிக்கல். ஏழாம் விதிப்படி, சமையல் உபாத்தியாயர் அங்கீகாரம் பெற்ற கலாசாலையிலே சமையல் டிப்ளமா வாங்கியிருக்கணும். நீர் வாங்கலை."

"அந்தக் கலாசாலை எங்க இருக்குதுங்க?"

"சென்னை ராஜதானி முழுக்கத் தேடிப் பார்த்தாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எந்த ஊருலங்க?"

"இதுதான்."

தேவசகாயம் சுற்றிலும் பார்த்தார். சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

"அப்ப நான் இங்க சேர்ந்து படிக்கணுமா? எனக்கு யாருங்க சொல்லிக் குடுப்பாங்க?"

"சமையல் உபாத்தியாயர்."

"அது நான்தானுங்களே!"

"பார்த்தீரா, எவ்வளவு சுலபமா முடிஞ்சுபோச்சு!"

"வெளிய முப்பது பேர் நிக்கிறாங்களே சார்?"

"தகுதி பெற்ற உபாத்தியாயர் இல்லாம மாணவர்களைச் சேர்க்கப்படாது."

"என்னைய மட்டும் சேக்குறீங்களே?"

"அவங்க கத்துக்க வர்றாங்க. நீர் தகுதி பெற வர்றீர். அது வேற ஃபைல்."

முப்பது பேரும் ஊருக்குத் திரும்பினார்கள். லேத்து வாத்தியார் அய்யனாருக்கும், கணக்கு வாத்தியார் நடனசபாபதிக்கும் அதே விதி, அதே முடிவு. ஆக, மூன்று உபாத்தியாயர்களும் மூன்று மாணவர்களுமாக, மொத்தம் மூன்று பேருடன் கலாசாலை இனிதே தொடங்கிற்று.

மணியடித்ததும் தேவசகாயம் மேஜைக்குப் பின்னால் நின்று "தேவசகாயம்!" என்று கூப்பிடுவார். பிறகு ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்ந்து "உள்ளேன் ஐயா" என்பார். ஆரம்பத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பியூன் பக்கிரி ஜன்னலில் எட்டிப் பார்த்தால், ஏதோ தேடுகிறவர் போலப் பெஞ்சுக்கடியில் குனிந்துகொள்வார்.

அடுப்பு மூட்ட வழியில்லை. அரிசி ரேஷனில் இருந்தது. ரேஷன் கார்டு குடும்பத்துக்குத்தான். கலாசாலையைக் குடும்பமாகக் கருதும்படி சென்னைக்கு எழுதியிருந்தார்கள். சென்னை, குடும்பத் தலைவர் யார், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று திருப்பிக் கேட்டிருந்தது. அதுவரை ஆட்டுக்கறி ஸ்டூவைக் கரும்பலகையில் கொதிக்க வைத்தார் தேவசகாயம்.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். உபாத்தியாயருக்கு லீவு கிடைத்தது. மாணவன் மட்டும் ஏன் லீவு லெட்டர் கொடுக்காமல் நின்றுவிட்டான் என்று ஆபீசில் கேட்டார்கள். உடம்பு தேறியதும், மாணவனிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ எழுதினார். வாங்கிக் கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். பதில் எழுதினார். பதில் திருப்தியாக இல்லை.

வெட்கம் போய், மெல்ல மெல்லக் கோபம் வர ஆரம்பித்தது.

"அவன் சரியில்ல தைலம்மா. நான் தொண்டை கிழியப் பாடம் சொல்றேன், அவன் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கான்."

"யாரு?"

"என் ஸ்டூடண்டு."

தைலம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பங்குனியில் பரீட்சை வந்தது. தேவசகாயம் கேள்வித்தாள் தயாரித்து, அரக்கு முத்திரை வைத்து, முத்திரையை உடைத்து, ஆச்சரியத்தோடு படித்துப் பார்த்து, மூன்று மணி நேரம் எழுதினார். பிறகு சிவப்புப் பென்சிலோடு திருத்த உட்கார்ந்தார். மறுநாள் ராஜசபேசன் ஓடி வந்தார்.

"என்ன ஓய் இது! முப்பத்து மூணு மார்க்கா? முப்பத்தஞ்சு வந்தாத்தானே பாஸ்!"

"ஆட்டுக்கறி ஸ்டூவுல உப்பு எழுத மறந்துட்டான் சார்."

"உப்பு இலாகாவிலே இருபது வருஷம் இருந்தவன் சொல்றேன், ரெண்டு மார்க் உப்பு எனக்காகப் போடும். மாணவன் தோத்தா உபாத்தியாயர் வேலை போயிடும், தெரியுமோ?"

"தெரியும் சார்."

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீர்?"

"உப்பு இல்லாத ஸ்டூவுக்கு மார்க் போட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சமையக்காரன்னு சொல்லிக்குவேன்? முடியாது சார்."

அந்த ஒரு வருஷத்தில், தாம் சமையல்காரர் என்று அவருக்குத் தோன்றிய நாள் அது ஒன்றுதான்.

சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி வந்தார். அவருக்குத் தாமே சமைத்துப் போடுவதாகத் தேவசகாயம் கேட்டுப் பார்த்தார். டிப்ளமா இல்லாதவர் சமைத்ததை இன்ஸ்பெக்டர் சாப்பிடுவது உசிதமல்ல என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். சிதம்பரம் ஹோட்டலிலிருந்து பாசஞ்சர் வண்டியில் சாப்பாடு வந்தது. சாம்பார் வழியிலேயே ஊசிப்போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைச் சாப்பிட்டுவிட்டு ரிஜிஸ்டர்களைப் புரட்டினார்.

"பிரமாதம்! ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர். சீமையிலே கூட இல்லை. ஸ்டிரைக் உண்டா?"

"இல்லை சார்."

"கோஷம்?"

"மாணவர்கள் ஆசிரியரை மீறிப் பேசுறதே இல்லை சார்."

"சமையலிலே ஒருத்தன் தோத்திருக்கானே?"

ராஜசபேசனுக்கு வியர்த்தது. தேவசகாயம் முன்னால் வந்து, "நான்தான் போட்டேன் சார். நான்தான் தோத்தேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த மாணவனுக்கே இவ்வளவு கண்டிப்பா! இப்படிப்பட்ட கலாசாலையிலே தோக்கிறதே ஒரு தகுதிதான்" என்று மெச்சி, மேலிடத்துக் கருணையாகத் தம் கையாலேயே இரண்டு மார்க் கூட்டிப் போட்டார். நூற்றுக்கு நூறு பேர் தேர்ச்சி என்று பத்திரிகையில் வந்தது.

ஆனி மாதம் கலாசாலை திறந்த அன்று, வாசலில் தொடங்கிய வரிசை கெடிலம் பாலம் வரை நின்றது. மங்கலம்பேட்டையிலிருந்து கூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டிப்ளமாவைக் கோட்டுப் பையில் வைத்திருந்த தேவசகாயத்துக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்தார்.

"ஐயா, ஏமாந்து போவாதீங்க. இங்க போன வருஷம் அடுப்பே மூட்டல. என் வீட்டுக்கு வாங்க, தேவனாம்பட்டினம் ரோட்டுலதான். அடுப்பு இருக்கு, மீன் இருக்கு. ஒரு காசு வேணாம், ஆறே மாசத்துல கத்துக் குடுக்கறேன்."

வரிசையின் முன்னால் நின்ற கோவிந்தசாமி என்கிற மிராசுதார் கேட்டார்: "சர்டிபிகேட்டு குடுப்பீங்களா?"

"இல்லீங்க. சமையல் வரும்."

"அது எதுக்குங்க எங்களுக்கு? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வரிசை கலையுது."

தேவசகாயம் தள்ளி நின்றார். அப்போதுதான் வரிசையில் ஏழாவதாகத் தம் மச்சான் ஆண்டி நிற்பதைப் பார்த்தார். தைலம்மாளின் தம்பி. அவர் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடுகிறவன்.

"நீயுமாடா?"

"பொண்ணு வீட்டுல டிப்ளமா கேக்குறாங்க மாமா. அடுப்படிப் பக்கம் எனக்கு ஆவாதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதான் இங்க வாத்தியாரு. பார்த்துச் செய்யக் கூடாதா?"

வரிசை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. வாத்தியாரா! நாலைந்து பேர் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்கள். மிராசுதார் கும்பிட்டார். பதினெட்டு வருஷம் சமைத்துப் போட்டும் இப்படி ஒருத்தர் கும்பிட்டதில்லை.

தேவசகாயம் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். ஆண்டியின் விண்ணப்பத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார்.

"என்னப்பா இது? ஒரு பிரதிதான் இருக்குது. மூணு பிரதி வேணும். போய் எடுத்துக்கிட்டு வரிசையில கடைசியா வந்து நில்லு."