வேனை மறித்த கார்

ஒரு கூட்டமே சேர்ந்து யாரையோ முட்டாள் என்று திட்டும்போது இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. ஒருமுறை திறந்து, பட்டுவிட்டேன்.

கடலுக்கு அக்கரைத் தீவில், ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி. ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் என்னைப் போன்ற பெண்களும் அங்கே எப்போதாவது கூடுவோம். ஆண்கள் சேலை கட்டி ஆடுவார்கள். யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். இக்கரையில், பட்டர்வொர்த் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் காரிலேயே கவிதாவுடன் போயிருந்தேன். (வீட்டைப் பொறுத்தவரை கவிதா ‘ஃபேக்டரி ஃபிரெண்ட்’. எனக்கு எல்லாமும் அவள்தான்.) விஷயம் தெரிந்தால் அப்பா என்னை வீட்டுப் படி ஏறவிட மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தில் இடமில்லை. ஒரு வேனின் பின்கதவை ஒட்டிக் காரை நிறுத்தினேன். மறித்து நிறுத்துகிறவர்கள் கண்ணாடிக்குள் தொலைபேசி எண்ணை வைத்துவிட்டுப் போவது ஊர் மரியாதை. அட்டை ஏற்கெனவே அங்கே இருந்தது. (அப்பாவின் காரில் யாருடைய எண் இருக்கும் என்று யோசிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

மேலே ஆட்டம் தொடங்கவே இல்லை. உடைப்பெட்டி எடுக்க முடியாதபடி எவனோ காரை மறித்துப் போட்டுவிட்டானாம்.

“மூள கெட்டவன்! லைசென்ஸ் எப்படித்தான் கெடச்சுச்சோ!” என்றேன். மொத்தக் கூட்டத்திலும் என் குரல்தான் பெரிது.

“போன் போட்டாச்சு லா. ஸ்பேர் சாவியோட பட்டர்வொர்த்லேருந்து ஃபெரி ஏறி, கடல் தாண்டி வர்றாரு,” என்றார் வாசலில் இருந்த அக்கா.

கவிதா என் கையை இறுகக் கோத்துக்கொண்டாள். “ஏய், நம்ம எங்க பார்க் பண்ணோம்?”

இறங்கி ஓட ஒரே படிக்கட்டுதான். அதில் கனமான காலடி கேட்டதும், போலீஸோ என்று கூட்டமே அடங்கியது. எனக்கோ, போலீஸாக இருந்தால் தேவலை என்றிருந்தது.

முதலில் முழு ஒப்பனையில் ஆட்டக்காரர் வந்தார். பின்னால், தோளில் பெட்டியோடு, வியர்க்க விறுவிறுக்க அப்பா.

“இத எங்க வைக்கணும் தம்பி... தங்கச்சி?”

“எப்படிக் கூப்டாலும் ஓகே லா, அங்கிள்.”

பெட்டியை இறக்கி நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு, கோத்திருந்த எங்கள் கைகளை. விட்டுவிடத்தான் நினைத்தேன், விரல்கள் அசையவில்லை.

“ஓவர்டைம் முடிஞ்சிருச்சாம்மா?” என்றார். “கார நல்ல எடத்துல போட்டிருக்கேன்.” அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு பல வாரம் என்னோடு பேசவில்லை. எந்த நேரத்தில் ‘கிளம்பு’ என்பாரோ என்று பயந்து பயந்தே சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல், “அந்தப் பிள்ள நண்டு சாப்புடுமா?” என்று கேட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது கவிதாவும் நானும் எங்கே கிளம்பினாலும் அம்மா, “அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, பெட்டி தூக்க ஆள் வேணாமா?” என்பார். அப்பாவே சிரித்துவிடுவார். விருந்துக்கு வரும் மாமா மட்டும், “அது என்னா பெட்டி? எத்தன தடவ கேக்கறது?” என்று விடாமல் கேட்பார். உடனே அப்பா, அம்மா, கவிதா, நான் நால்வரும் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கிவிடுவோம்.