எல் சைஸ் தாய்மாமன்

முழங்கால் முழங்காலாகவும் வயிறு வயிறாகவும் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் நான். எங்கள் டேபிளிலிருந்து யாரும் போய்ச் சாயப்பட்டறைக்காரனுக்குப் புத்தி சொல்வதில்லை. நின்று நின்றே மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் அன்புசெல்வியிடம் போனால், அந்தப் பிள்ளை காலை ஒரு தரம் மடக்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றிப் பேசுகிறது.

"பயிற்சி சொல்லித் தர்றேங்கண்ணா. கூடவே எடையும் குறைஞ்சாத்தான் மூட்டுக்குப் பாரம் குறையும். என்ன சாப்புடறீங்க, எப்ப சாப்புடறீங்கன்னு உக்காந்து பேசலாமுங்க."

"கால் வலிக்கு வந்தவன்கிட்டச் சோத்தப் பத்திக் கேக்கறயே கண்ணு!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவி பூவாத்தாளும் கூட வந்திருந்ததுதான் வினை. அன்றைக்கே எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை விட்டு ஊத்துக்குளி வெண்ணெய் மறைந்தது. கொள்ளு ரசம் குடியேறியது.

நான் சும்மா இருப்பேனா? கம்பெனிக்குப் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன்னும் பப்ஸும் என் துயரத்தைத் தீர்த்தன. ஆனால் வீட்டில் இளைத்த மாதிரி காட்ட வேண்டுமே. அங்கேதான் தொழில் கைகொடுத்தது. டபுள் எக்ஸ்எல்லைவிடப் பெரிதாகச் சில பனியன்களை வெட்டினேன். கழுத்தில் எல் சைஸ் லேபிளை வைத்துத் தைக்கச் சொல்லி டெய்லர் முனீஸிடம் கொடுத்தேன். அவன் தெற்கத்திக்காரன்.

"அண்ணாச்சி, லேபிள் மாறுனா பார்ட்டி ரிட்டன் அனுப்பிருவானே?"

"இந்தப் பார்ட்டி வாயே தொறக்காது. தைய்யி."

வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு நின்றேன்.

"பாத்தியா பூவா, எல் சைஸே தொளதொளங்குது!"

பூவாத்தாள் பனியனைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அட, ஆமாங்க! அந்தப் புள்ள சொன்னது வேல செய்யுதுங்க."

"அந்தப் புள்ளயா செஞ்சுது? எல்லாம் என்ற வைராக்கியம்!"

இன்னொரு கம்பெனியில் சைஸும் தையலும் சரிபார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் இருப்பவள் அவள். அவளே நம்பிவிட்டாள் என்றால் என் கட்டிங்கை என்னவென்று சொல்வது!

போன வாரம் குன்னத்தூரில் என் தங்கை மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் நான். சீர்த்தட்டோடு மேடையில் முதல் ஆளாக நிற்க வேண்டும். பூவாத்தாள் ஜவுளி எடுத்து வந்தாள். எனக்கு வெண்பட்டுச் சட்டை. எல் சைஸ்.

போட்டுப் பார்த்தேன். கழுத்துப் பித்தான் மாட்டியது. மற்றவையெல்லாம் ஒன்றையொன்று பார்க்கக்கூட மறுத்தன.

"பூவா, கொஞ்சம் பெருசா எடுத்திருக்கலாமல்ல?"

"ஏனுங்க, எல்லே தொளதொளங்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"மாத்திட்டு வந்தா..."

"தள்ளுபடில எடுத்ததுங்க. மாத்தித் தரமாட்டாங்க. பழைய சட்டையெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு எங்கண்ணன் ஊட்டுக்குக் குடுத்துட்டனுங்க."

உண்மையைச் சொன்னால் பேக்கரி வெளியே வரும். சொல்லாவிட்டால் மேடையில் வயிறு வெளியே வரும். சொந்தபந்தம் மொத்தமும் பார்க்கும், வீடியோ வேறு எடுப்பார்கள். நிஜமாகவே பயந்துவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் வேலை முடிந்ததும் பேக்கரிப் பக்கம் திரும்பாமல் அன்புசெல்வியிடம் போனேன்.

"காலு கெடக்கட்டும் கண்ணு. மொதல்ல இந்த வயித்துக்கு ஒரு வழி சொல்லு."

அந்தப் பிள்ளை சிரிக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டது.

"உக்காருங்கண்ணா. சட்டை எடுத்த அன்னிக்கே பூவாத்தாக்கா சொல்லிட்டாங்க, இந்த வாரம் நீங்களே வருவீங்கன்னு."