காணாச் சல்லி கொடுத்துத் தயிர்ச்சட்டி கொண்ட படலம்

வாழி மசூர்! கடலலை கரைதழுவும் கல்முனை மாநகரின் கணினிக் காவலனே! மாமியார் மனையுறையும் மருமக மாணிக்கமே! விரல் பத்தும் வில்லாக, விசைப்பலகை களமாக, கடல்கடந்த கம்பனிகளுக்குச் சித்திரம் வரைந்து சீவிப்பவனே! தொட்டால் கைக்கு எட்டாததும், பார்த்தால் கண்ணுக்குத் தெரியாததும், பையில் போட்டால் பை கனக்காததுமான மின்காசைக் கூலியாய்ப் பெறுபவனே! உன் வெற்றியைப் பாடப் புகுந்த எமக்கு நாத் தடுமாறாதிருக்க இறைவன் அருள்வானாக! கேட்க அமர்ந்த பெரியோரே, எம் சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்தருளுங்கள். பொருளில் குற்றம் இருந்தால் அது மசூரின் பொருள், எமக்கு அதில் பங்கில்லை.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். மணமுடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது இக்கரையின் வழக்கம். அவ்வண்ணமே முஸ்பிறாவின் கரம்பற்றிய மசூர், அவளைப் பெற்ற சல்மா உம்மாவின் செங்கோல் நடக்கும் மூவறை மாளிகையிலே, யன்னலோர மேசையொன்றைத் தன் சிற்றரசாக நிறுவி நாலாண்டு ஆண்டுவந்தான். ஆனால் காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டி வாசல் தாண்டாத ஆண்பிள்ளை தொழிலற்றவன் என்பது, சல்மா உம்மா எவருக்காகவும் தளர்த்தாத கொள்கை. மின்காசை வாங்கிக்கொண்டு மாதாமாதம் ரூபாய் அனுப்பிவந்த கொழும்புக் கூட்டாளி மக்காவுக்கு உம்றாப் பயணம் போய்ப் பத்து நாளாகி, மசூரின் பையில் பஸ்ஸுக்குக் கொடுக்கவும் ரூபாய் இல்லாமற் போனபோது, அம்மையாரின் ஐயம் முற்றித் தீர்ப்பாயிற்று. வியாழன் பகல், சோற்றுக் கோப்பையின் முன்னே, அகப்பையை உயர்த்தி அவர் அறைந்த பறை இது:

“மருமகன், நீங்க உழைக்கிறது சல்லிதான் எண்டா அதக் கொண்டு போய் ஒரு சட்டித் தயிர் வாங்கிட்டு வாங்க பாப்பம். பின்னேரம் தம்பி வாறான். அசருக்குப் பாங்கு சொல்ல முந்தித் தயிர் வாங்கிட்டீங்க எண்டா உங்கட தொழிலும் தொழில்தான், நான் இனி வாயே திறக்க மாட்டன். வாங்கல்லயா, சனிக்கிழமையிலிருந்து தம்பிட மில்லுக்குப் போங்க. நெல்லு மூட்டை எண்ண ஆளில்லாமக் கிடக்கான்.”

சல்லி என்றது காசை, அசர் என்றது பின்னேரத் தொழுகையை, தம்பி என்றது சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் அவரது உடன்பிறப்பை. ஆலைத் தூசி மூக்கில் ஏறினால் மசூர் மூன்று நாள் தும்முவான். ஆனாலும் அவன் நெஞ்சைக் கீறியது தூசியல்ல. பக்கத்து வீட்டு ஹப்ஸா ஒருநாள் வேலியோரம் நின்று, “உங்கட அவரு எங்க வேலை?” என்று கேட்டபோது, முஸ்பிறா குரலைத் தாழ்த்தி, “அவரு வீட்டிலதான் இரிக்காரு” என்று சொன்னதை யன்னலுக்குள்ளிருந்து கேட்டவன் அவன். அன்று முழுவதும் அவனுக்கு ஒரு கோடு நேராக வரவில்லை.

எழுந்தான் மசூர். உண்ட கை கழுவினான். தலைக்கவசம் தரித்தான், காவியக் கவசமன்று, சந்தியில் பொலிஸ் நிற்கும் நாளாதலால் தரித்த ஹெல்மெட். அறுபத்து மூன்று வீதம் மின்னேற்றிய கைப்பேசி என்னும் ஒற்றைப் படைக்கலம் ஏந்தி, முஸ்பிறாவின் இளஞ்சிவப்பு ஸ்கூட்டி என்னும் புரவியேறி, கோழிகள் இருமருங்கும் சிதறியோட, ஒழுங்கை கடந்து, பெருந்தெரு புகுந்து, ஹோர்ன் முழங்கக் கல்முனைக் கடைத்தெருவை முற்றுகையிட்டான். மணி அப்போது ஒன்றே முக்கால்.

முதற்களம் றமீஸின் கைப்பேசிக் கடை. மின்னுலகின் மர்மம் அறிந்தவன், ஆகவே துணைப்படையாய் நிற்பான் என்று எண்ணி, மசூர் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நின்று, தன் காசின் திருநாமத்தை உரக்க மொழிந்தான். தயிர்ச்சட்டிக்கான ரூபாயைத் தந்தால், அதற்கு நிகரான மின்காசை அக்கணமே அனுப்புவதாகவும் அறைகூவினான். நாமம் செவியில் விழுந்ததும் றமீஸ், கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டான். முகம் வெளிறி, அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினான்.

“காக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பேர இந்தக் கடைக்குள்ள சொல்லாதீங்க! என்ட பொஞ்சாதிட கழுத்து மாலை போனது அதிலதான். அவ உள்ளுக்குத்தான் இரிக்கா!”

என்று சொல்லி அவ்வீரன், கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் பின்கதவால் ஓடினான். அறியாதவன் அஞ்சினால் தெளிவிக்கலாம். அறிந்தவனே ஓடினால் என்னதான் செய்வது? மசூர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.

இரண்டாங்களம் பெரிது. அங்கே வீற்றிருந்தார் அச்சிமுகம்மது ஹாஜியார். பருப்பும் பயறும் மலையெனக் குவிய, கருவாட்டு மணம் கொடியெனப் பறக்க, தயிர்ச்சட்டிகள் ஏழு வாழையிலை வாய்க்கட்டோடு வரிசைப்பட்டு நிற்க, நாற்பதாண்டாக எவருக்கும் ஒரு ரூபாய் குறைக்காத நெஞ்சுரத்தோடு, தராசின் பின்னே அமர்ந்திருந்தார். மசூர் ஸலாம் சொன்னான். வந்த காரியம் சொன்னான். கைப்பேசியைத் தூக்கி, காசு எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பறக்கிறது, எந்த அரசும் எந்த வங்கியும் அதைத் தடுக்க மாட்டாது என்பதையெல்லாம், மா வாங்க வந்த பெண்கள் மூவர் சாட்சியாக விரித்துரைத்தான். ஹாஜியார் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் அசைவில்லை.

அப்போதுதான் மசூரின் கண்ணில் பட்டது, கல்லாப்பெட்டியின் அருகே நின்ற டொபி மிட்டாய்ப் போத்தல். சில்லறை இல்லாத நேரமெல்லாம் மிச்சத்துக்கு டொபி கொடுப்பது எங்கள் கடைக்காரர் எல்லாருக்கும் உள்ள பழக்கம், ஹாஜியாருக்குச் சற்று அதிகமாகவே உண்டு. ஒரு பெண்மணியின் கையில் அப்போதுதான் ஒரு டொபி விழுந்தது. கண்டான் மசூர். மார்பு விம்மினான். தன் வாணாளின் ஆகப் பெரிய பேச்சைப் பேசினான்.

“ஹாஜியார்! பத்து ரூபா மிச்சத்துக்கு டொபி தாறீங்க. அத ஆரு அடிச்ச? அரசாங்கமா, பேங்கா? நீங்க நீட்டுறீங்க, அவங்க வாங்குறாங்க, முடிஞ்சிது. ரெண்டு பேர் ஒத்துக்கிட்டா எதுவும் சல்லிதான். டொபி சல்லி எண்டா என்ட சல்லியும் சல்லிதான்!”

அடடா! மா வாங்க வந்த மூவரும் ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, “அவரு கதைக்கிறதும் சரிதானே” என்றுகூடச் சொல்லிவிட்டாள். வெற்றி மசூரின் தோளில் கைபோடப் போன வேளை, ஹாஜியார் தராசைக் கீழே வைத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு வாய் மலர்ந்தார்.

“தம்பி, டொபிய ஒருத்தனும் வாங்கல்லயெண்டா என்ட பேரன் திம்பான். உங்கட சல்லிய ஒருத்தனும் வாங்கல்லயெண்டா ஆரு திங்கிற?”

சிரிப்பு எழுந்தது. எப்படிப்பட்ட சிரிப்பு! மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். சரிதான் என்று சொன்ன அதே பெண் எல்லாரிலும் கூடுதலாகச் சிரித்தாள். மசூருக்குக் காது இரண்டும் சுட்டது. அவன் தலைகுனிந்து புறப்பட்ட நேரம், பகைவனுக்கும் இரங்கும் பெருந்தகையாகிய ஹாஜியார், ஒரு டொபியை எடுத்து அவன் கையில் வைத்தார். மசூர் அதைத் தின்றபடி வெளியேறினான்.

மணி மூன்று. வெயில் தார்வீதியை உருக்கியது, மசூரின் மனத்தையும் அப்படியே செய்தது. எண்ணிப் பார்த்தால் பாங்குக்கு இன்னும் கால்மணிக்குச் சற்று அதிகமே மிச்சம். போதும், மில்லுக்கே போய்விடலாம் என்று அவன் ஸ்கூட்டியைத் திருப்பும்போதுதான், பஸ் நிலையத்தருகே குடைவிரித்து நின்ற குணத்தைக் கண்டான். குணம் பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர். சொந்த எருமைத் தயிரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விற்பவர். பெட்டியில் ஒரே ஒரு சட்டி எஞ்சி நின்றது. விற்றால் வீட்டுக்குப் போகலாம். விற்காவிட்டால் நாளைக்குப் புளிக்கும். தயிர் மீது ஆசை கொண்டவன் ஒருவன், தயிரைத் தொலைக்க ஆசை கொண்டவர் ஒருவர். இவ்விருவரையும் ஒரே குடையின் கீழ் சேர்த்த இறைவனின் திட்டத்தை என்னென்பது!

மசூர் இம்முறை பேச்சு விரிக்கவில்லை. வீட்டு விசயத்தை உள்ளது உள்ளபடி சொன்னான். குணம் தலையைச் சொறிந்தார்.

“நாளைக்குத் தாறன் எண்டு சட்டியத் தூக்கிட்டுப் போனவனுகள் எத்தின பேர். நீங்க இப்பவே தாறன் எண்டுறீங்க. எனக்குத்தான் கண்ணுக்குத் தெரியுதில்ல. சரி, அனுப்புங்க தம்பி பாப்பம். தொள்ளாயிரத்து எண்பது.”

உடனே தொடங்கியது மந்திரோபதேசம். கண்ணாடி வெடித்த குணத்தின் கைப்பேசியில் மின்பணப்பை நிறுவப்பட்டது. திறவுகோலாய் அது அருளிய பன்னிரு இரகசியச் சொற்களை, மசூர் எழுத்தெழுத்தாய்ச் சொல்ல, குணம் பிஸ்கட் பெட்டி மட்டையொன்றில் எழுதிக்கொண்டார்.

“இத ஆரிட்டயும் சொல்லப்படாது அண்ணன்.”

“வீட்டுக்காரியிட்டயுமா?”

“ஓம், அவங்களிட்டயும்.”

“அப்ப எனக்கும் மறந்திரும்” என்று குணம் கவலையோடு மட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அனுப்பினான் மசூர். எழுந்தது வட்டமொன்று திரையிலே. சுழன்றது, சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. சட்டியின் ஒரு விளிம்பில் மசூரின் கை, மறு விளிம்பில் குணத்தின் கை. காசு வந்தாலன்றி இவர் விடார், தயிர் வந்தாலன்றி அவன் விடான். அக்கரைப்பற்றுப் பஸ் வந்தது, ஆட்களை இறக்கியது, இறங்கியவர்கள் என்ன சண்டை என்று கேட்டுச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒருவர் விலக்குப் பிடிக்கவும் வந்தார். வட்டம் சுழன்றது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பாங்கு சொல்லும் மோதினார் மைக்கை விரலால் தட்டும் ஓசை, டக் டக் என்று ஊர்முழுதும் கேட்டது. மசூர் கண்ணை மூடிக்கொண்டான். மோதினார் தொண்டையைச் செருமினார். அக்கணத்தில், பாங்கின் முதற்சொல்லுக்கு ஒரு மூச்சு முந்தி, குணத்தின் கைப்பேசி டிங் என்றது!

“வந்திட்டுது தம்பி, வந்திட்டுது!” என்று குணம் கூவ, கூடிநின்றோர் கைதட்ட, மசூரின் கண் தன் திரையின் அடியில் ஒரு சிற்றெழுத்து வரியில் விழுந்தது. தயிருக்கு அனுப்பியது தொள்ளாயிரத்து எண்பது. அதை அனுப்பிவைத்ததற்கு வலையமைப்பு அறவிட்ட சுங்கம் ஆயிரத்து நூற்றைம்பது. வெற்றி பெற்ற மன்னர் எவரும் களத்திலே நின்று சேதக் கணக்குப் பார்ப்பதில்லை. மசூரும் கைப்பேசியைப் பைக்குள் போட்டான்.

அவன் மீண்ட கோலம் சொல்லவும் வேண்டுமோ! முழந்தாள்களுக்கிடையே தயிர்ச்சட்டி, முகத்திலே பூரிப்பு. வாங்கி மோந்து பார்த்தார் சல்மா உம்மா. தயிராடையை விரலால் அமர்த்திப் பார்த்தார். அந்தச் சல்லியாலா என்று மும்முறை கேட்டார், மும்முறையும் ஓம் என்றான் மசூர். பாங்குக்கு முந்தி வாங்கிய தயிர்தான் என்பதற்குக் கைப்பேசியே சாட்சி சொன்னது. வாக்குத் தவறாத குலத்தவராதலால், அம்மையார் தம் தம்பியின் முன்னிலையிலேயே, “சரி, மருமகன் செய்றதும் தொழில்தான்” என்று மொழிந்தார். இதைக் கேட்ட முஸ்பிறா அடுப்பையும் மறந்து வேலியோரம் ஓடி, ஹப்ஸாவைக் கூப்பிட்டு, “எங்கட அவரு வெளிநாட்டுக் கம்பனியில வேலை!” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். யன்னலுக்குள்ளிருந்து அதைக் கேட்ட மசூர், இன்னும் நன்றாகக் கேட்க யன்னற் கதவை அகலத் திறந்தான். நாலாண்டு காத்திருந்த சொல்லல்லவா அது!

மில்காரத் தம்பி தித்திக்கும் பாணி விட்டுத் தயிரை மூன்றாம் தரமாக அள்ளும்போது, வாசலில் மோட்டார் சைக்கிளொன்று வந்து நின்றது. குணம். தலை கலைந்து, முகம் வாடி, வெடித்த கைப்பேசியை ஒரு நோயாளிப் பிள்ளையைப் போல இரு கையிலும் ஏந்தியிருந்தார்.

“தம்பி, கோவிக்காதீங்க. எருமைக்குப் புண்ணாக்கு வாங்கப் போனன், கடைக்காரன் உங்கட காச வேணாம் எண்டுறான். போன் கடைப் பொடியன் பேரச் சொன்னதும் எழும்பி ஓடுறான். ஹாஜியாரிட்டப் போனன், ஒரு டொபி தந்து அனுப்பினாரு. மறுகா நான் என்ன செய்ய? என்ட எருமை இதத் தின்னாது தம்பி. நீங்களே திருப்பி எடுத்துக்கிட்டுச் சல்லியாத் தாங்க.”

“திருப்பி எடுக்கவும் சுங்கம் விழுமே அண்ணன்” என்றான் மசூர். திருப்பி எடுக்கலாம், எடுப்பதற்கும் அதே சுங்கம். குணத்தின் பணப்பையில் கிடப்பதோ தொள்ளாயிரத்து எண்பது, அது புறப்பட வாசல் வரியே ஆயிரத்து நூற்றைம்பது. “சுங்கமா? அது என்ன சுங்கம்? எவ்வளவு?” என்று சல்மா உம்மா மெதுவாகக் கேட்டார். மசூர் சொன்னான், பொய் சொல்லப் பழகாதவன். மில்காரத் தம்பியின் கரண்டி பாதிவழியில் நின்றது. வேலியோரம் சிரித்துக்கொண்டிருந்த முஸ்பிறாவின் குரலும் நின்றது.

கேளீர் பெரியோரே! பகைக்களம் இரண்டில் அடிபட்டும் புறமுதுகு காட்டாதவனும், பாங்குக்கு ஒரு மூச்சு முந்திப் பகையை வென்றவனும், ஒரு பின்னேரம் முழுவதும் தொழிலுடையானாய் அரசோச்சியவனுமாகிய மசூர், சுவரோடு சாய்ந்து நிற்க, சல்மா உம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்து வெளிவந்த, தொடவும் காணவும் மடிக்கவும் கூடிய, புண்ணாக்குக் கடையிலும் செல்லத்தக்க ஆயிரம் ரூபாய்த் தாளொன்றைக் குணத்திடம் நீட்ட, மிச்சம் இருபது ரூபாய்க்குச் சில்லறை இல்லாத குணம், ஹாஜியார் தந்ததொன்றும் பெட்டியில் கிடந்ததொன்றுமாக இரண்டு டொபிகளை அவர் உள்ளங்கையில் வைத்து விடைபெற்றார்.

சல்மா உம்மா ஒரு டொபியை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை மருமகனிடம் கொடுத்து, சனிக்கிழமை காலை மில் எட்டு மணிக்குத் திறக்கும் என்றார்.